ஸ்பெயின்ல ஃபிளமெங்கோ பாக்கப் போறீங்களா, முதல்ல யார் பாடறாங்கன்னு கேளுங்க

செவில்லால ஒரே ஒரு சாயங்காலம் தான் கையில இருக்குன்னா வேற எதையும் யோசிக்காதீங்க, குனா தெருவுல ஃபிளமெங்கோ, அதாவது தென் ஸ்பெயினோட பாட்டும் கிதாரும் ஆட்டமும் சேந்த கலை, நடத்தற காசா தெ லா மெமோரியாக்கு டிக்கெட் போட்டுடுங்க. கூடுதலா ஒரு நாள் இருந்தா அங்கேருந்து ரயில் புடிச்சு ஹெரெஸ் போயிடுங்க, ஒரு மணி நேரம் சொச்சம் தான். அவசரத்துல படிக்கறவங்களுக்கு இது போதும். மீதி கொஞ்சம் நீளம், ஏன்னா நானும் எங்க அக்காவும் ரெண்டு வாரம் மத்ரித், கிரனாடா, செவில்லா, ஹெரெஸ்னு சுத்தி மொத்தம் ஏழு ஷோ பாத்தோம், அதுல ஒண்ணு ரொம்ப மோசம், ரெண்டு சுமார், மீதி நாலும் இன்னும் மனசை விட்டுப் போகல.

மோசமானதை முதல்ல சொல்லி முடிச்சுடறேன், இடத்தோட பேர் வேண்டாம். தங்கின ஹோட்டல்ல ஒரு கார்டு குடுத்து டின்னரோட சேத்து ஆளுக்கு 80 யூரோன்னாங்க, சரின்னு போனோம். பெரிய ஹால், நீள நீள மேஜை, எல்லாருக்கும் ஒரே பாயெய்யா தட்டு (அவங்க ஊர் அரிசிச் சாப்பாடு), ஆட்டம் நடக்கும்போதே வெயிட்டர்ங்க கிளாஸ் எடுத்துக்கிட்டு குறுக்க போறாங்க. நாலு பொண்ணுங்க ஒரே சிவப்பு டிரெஸ், ஒரே ஸ்டெப், நாலு பேர் கண்ணும் எங்க பக்கமே இருக்கு, ஒருத்தரை ஒருத்தர் ஒரு தடவை கூட பாத்துக்கல. பாடறவர் ஓரமா இருட்டுல நின்னார், மைக்ல எக்கோவை ஏத்தி வெச்சிருந்ததால அவர் குரல் எப்படிப்பட்டதுன்னே கடைசி வரைக்கும் தெரியல. அந்தப் பொண்ணுங்க மேல எனக்கு கோவம் இல்ல, நல்லா கத்துக்கிட்டவங்கன்னு கால்லயே தெரிஞ்சுது, அவங்களை இப்படி ஆட வெச்சது தான் வருத்தமா இருந்துச்சு.

அப்புறம் கிரனாடால நாங்க தங்கின வீட்டம்மாகிட்ட இதைச் சொன்னோம். அறுபது வயசு இருக்கும், காலைல காபி போட்டுக் குடுத்துக்கிட்டே கேட்டாங்க, "கியென் காந்தா?" அப்படின்னா யார் பாடறாங்கன்னு அர்த்தம். எங்களுக்குத் தெரியாது. டான்ஸ் பாக்க தானே போனோம்னு அக்கா சொன்னா. அதுக்கு அவங்க, பாட்டு சரியில்லன்னா ஆடறவ யாருக்கு பதில் சொல்லுவா அப்படின்னு ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கப்புறம் எந்த ஷோவுக்கு டிக்கெட் எடுத்தாலும் அந்த ஒரு கேள்வியை கேட்டுட்டு தான் எடுத்தோம், ஒரு தடவை தவிர, அந்த ஒரு தடவையும் சுமாரா தான் போச்சு.

இது ஏன்னு கொஞ்சம் விளக்கறேன். ஃபிளமெங்கோல மூணு விஷயம் இருக்கு, காந்தேன்னா பாட்டு, தோக்கேன்னா கிதார், பாய்லேன்னா ஆட்டம். நம்ம போஸ்டர்ல பாக்கறது எப்பவும் ஆட்டம், ஆனா அங்க விஷயம் தெரிஞ்சவங்களுக்கு பாட்டு தான் முதல். ஆட்டம் முழுக்க மனப்பாடம் பண்ணி வந்து ஆடறது கிடையாது. ஆடறவங்க காலால ஒரு குறிப்பு குடுப்பாங்க, யமாதான்னு அதுக்குப் பேர், உடனே பாடறவர் ஆரம்பிப்பார், அவர் ஒரு வரியை இழுத்தா ஆடறவங்க உடம்பைக் கட்டிப் போட்டு காத்திருப்பாங்க, வரி முடியற இடத்துல பட்டுன்னு காலால முடிச்சு வெப்பாங்க. இதெல்லாம் அந்த நேரத்துல கண்ணால பேசி நடக்கறது. அதனால மேடைல அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்களான்னு கவனிங்க, முதல் பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சுடும்.

தாளமும் தெரிஞ்சா ரசிக்கறது ரெண்டு மடங்காகும். கொம்பாஸ்னு சொல்றாங்க. சொலேயா, அலெக்ரியாஸ், புலெரியாஸ்னு பாட்டு வகைங்க இருக்கு, இந்த மூணுமே 12 எண்ணிக்கை, 12ல ஆரம்பிச்சு 3, 6, 8, 10ன்னு அழுத்தம் விழும். மேஜைல தட்டிப் பாருங்க, மூணு மூணு, அப்புறம் ரெண்டு ரெண்டு ரெண்டு. சொலேயா நிதானமா கனமா போகும், அலெக்ரியாஸ் காதிஸ் ஊர்க்காரங்களோடது, வெளிச்சமா இருக்கும், புலெரியாஸ் ஹெரெஸ்காரங்க சொத்து, பறக்கும். ஜதி கேட்டு வளந்த காதுக்கு இது ரொம்ப சீக்கிரம் புடிபடுது, அக்கா சின்ன வயசுல பரதம் கத்துக்கிட்டவ, ரெண்டாவது ஷோலயே விரல்ல எண்ண ஆரம்பிச்சுட்டா.

ஆனா ஒண்ணு, தயவு செஞ்சு கூட சேந்து கை தட்டாதீங்க. அவங்க தட்டற பல்மாஸ் ஒரு வாத்தியம் மாதிரி, அதுலயே ரெண்டு வகை, விரலால உள்ளங்கைல தட்டினா கணீர்னு வரும், ரெண்டு உள்ளங்கையையும் குழிச்சு தட்டினா மந்தமா வரும், பாட்டு நடக்கும்போது குரலை அமுக்காம இருக்க இந்த ரெண்டாவதை தட்டுவாங்க. நம்ம உற்சாகத்துல ஒரு ஹாலே சேந்து தட்டினா அவங்களுக்கு தாளம் கலையும். புடிச்சா "ஓலே"ன்னு சொல்லுங்க, அதுவும் வரி முடியற இடத்துல, நம்ம கச்சேரில "சபாஷ்" வர்ற இடம் மாதிரி தான்.

இப்ப இடங்கள். மத்ரித்ல கோரல் தெ லா மொரெரியா, 1956லேருந்து நடக்கற தப்லாவோ, தப்லாவோன்னா மேடைப் பலகை போட்டு ஃபிளமெங்கோவுக்குன்னே நடத்தற இடம். இங்க மிஷெலின் நட்சத்திரம் வாங்கின சின்ன ரெஸ்டாரண்டும் இருக்கு, சாப்பாடு சேத்தா ஆளுக்கு 100 யூரோவைத் தாண்டிடும், நாங்க ஷோவும் ஒரு டிரிங்கும் மட்டும் எடுத்தோம். விலை ஜாஸ்தி, மறுக்கல, ஆனா வர்ற கலைஞர்கள் தரம் அந்த மாதிரி, மேடை சின்னது, அதுல ஆடறவங்க திரும்பறப்ப பாவாடை ஓரம் கிதார்காரர் முட்டிய தொடுது. காசு இருந்தா போங்க, 5க்கு 4.

கிரனாடால சாக்ரோமோந்தே குகைங்க. மலைச்சரிவுல குடைஞ்ச குகை, உள்ள சுண்ணாம்பு வெள்ளை, கூரைல செம்புப் பாத்திரமா தொங்கும், ஹிதானோ, அதாவது ஸ்பெயின் ஜிப்ஸி குடும்பங்கள் கல்யாணத்துல ஆடின ஆட்டத்துலேருந்து வந்த சம்ப்ரான்னு ஒரு வகை இங்க தான். சுவரோரம் ரெண்டு பக்கமும் நாற்காலி, நடுவுல இருக்கற சந்துல ஆட்டம், கால் தட்டறது நம்ம நாற்காலி வழியா முதுகெலும்புல ஏறுது. இடம் அற்புதம், ஆனா எங்க போனாலும் நல்லா இருக்கும்னு நினைச்சுடாதீங்க. நாங்க போன குகைல பஸ் பஸ்ஸா ஆளை இறக்கி, அடுத்த கூட்டம் வாசல்ல நிக்குதுன்னு நாப்பது நிமிஷத்துல முடிச்சு அனுப்பிட்டாங்க, பாடற அம்மா சூடு புடிச்ச நேரத்துல ஷோ முடிஞ்சு போச்சு, அது தான் தாங்கல. இது தான் கேக்காம எடுத்த டிக்கெட்.

மறுநாள் ராத்திரி கிரனாடாவோட பழைய பேட்டையான அல்பைசின்ல இருக்கற பென்யா லா பிளாதெரியாக்கு வீட்டம்மாவே கூட்டிட்டுப் போனாங்க. பென்யான்னா ரசிகர்கள் சேந்து நடத்தற சங்கம், இது 1949ல ஆரம்பிச்சது, இருக்கற பென்யாலயே பழசு இது தான்னு பெருமையா சொல்றாங்க. உறுப்பினர் இல்லாதவங்களையும் சில நாள் உள்ள விடுவாங்க, டிக்கெட் தப்லாவோவை விட குறைவு, ஆனா ஆரம்பிக்க ராத்திரி பத்தாயிடும். போய்ட்டீங்கன்னா பேசாதீங்க, போனை பைக்குள்ள வெச்சுடுங்க. அங்க ஆட்டமே கிடையாது அன்னிக்கு, ஒரு பாட்டுக்காரர் ஒரு கிதார், அவ்ளோ தான். செகிரியா பாடினார், அது ரொம்ப துக்கமான வகை. ஆரம்பத்துல வார்த்தையே இல்லாம "ஆய்"னு ஒரு இழுப்பு, ரெண்டு கையையும் தொடை மேல வெச்சு விரலை விரிச்சு விரிச்சு மடக்கறார், கழுத்து நரம்பு புடைக்குது, குரல் உடையற இடத்துல மறைக்காம அப்படியே உடைய விட்டார். பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கிட்டு தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா ஒப்பாரி கேட்டு வளந்த ஊர் எங்க ஊர், அந்தக் குரல் எங்கேருந்து வருதுன்னு புரிஞ்சுது. 5க்கு 5.

செவில்லா போனா எல்லாரும் ட்ரியானால தெருவுக்குத் தெரு ஃபிளமெங்கோ கேக்கும்னு சொல்லுவாங்க. அது பழைய கதை, அங்க இருந்த ஹிதானோ குடும்பங்கள்ல நிறைய பேரை 1950கள், 60கள்ல ஊருக்கு வெளில குடியேத்திட்டாங்க. ட்ரியானா அழகான பகுதி, ஆத்தோரம் நடங்க, சாப்பிடுங்க, ஆனா பாட்டுக்கு டிக்கெட் முன்னாடியே எடுத்து வெச்சுக்கங்க. எங்களோட இன்னொரு சுமாரான ஷோ செவில்லால தான், பெரிய தியேட்டர், ஆட்டம் நல்லாவே இருந்துச்சு, ஆனா பின் வரிசைலேருந்து முகம் தெரியல, சத்தம் பூரா ஸ்பீக்கர்லேருந்து வந்துச்சு.

காசா தெ லா மெமோரியா அதுக்கு நேர் எதிர். பழைய வீட்டு முற்றம், மைக் கிடையாது, நாற்காலிக்கு நம்பர் கிடையாது, அதனால அரை மணி முன்னாடி போய் வரிசைல நிக்கணும். நாங்க போனப்ப டிக்கெட் 20லேருந்து 25 யூரோக்குள்ள இருந்துச்சு, ஒரு மணி நேரம் ஷோ, சாப்பாடு கிடையாது, அது பெரிய நிம்மதி. முதல் வரிசைல உக்காந்ததால கிதார்காரரோட வலது கை நகம் வரைக்கும் தெரிஞ்சுது, நகம் உடையாம இருக்க பசை பூசி கெட்டிப்படுத்தி வெச்சிருந்தார், இந்த கிதார்காரங்க நிறைய பேர் அப்படி பண்றாங்களாம், நடு நடுவுல மோதிர விரலால கிதார் பலகைல டொக்குன்னு தட்டறார், தட்டித் தட்டி மரம் போகக்கூடாதுன்னு அங்க ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கு. ஆடின பொண்ணு ஷூ முனைலயும் குதிகால்லயும் வரிசையா குட்டி குட்டி ஆணி. ஒரு கட்டத்துல கிதாரும் நிக்குது, பாட்டும் நிக்குது, அந்தக் கால் மட்டும் மழை தூத்தல் மாதிரி மெதுவா ஆரம்பிச்சு ஏறி ஏறி போய், பாட்டுக்காரரை ஒரு பார்வை பாத்தா, அவர் பாட்டுல இறங்கிட்டார். அந்தப் பார்வைக்கு தான் இவ்ளோ தூரம் வந்தோம்னு தோணுச்சு. போட்டோ நடுவுல எடுக்கக் கூடாது, கடைசில எடுக்கச் சொன்னாங்க, அந்தக் கடைசி நிமிஷத்துல எல்லாரும் எழுந்து நின்னு புலெரியாஸ், தொப்பை வெச்ச பாட்டுக்காரரும் கோட்டு பட்டனை மாட்டிக்கிட்டு நாலு ஸ்டெப் போட்டார், அதுக்கு பதாயீதான்னு பேர், அது அவ்ளோ லட்சணமா இருந்துச்சு. 5க்கு 5. குழந்தைங்களோட போறவங்க கிறிஸ்தினா ஓயோஸ் ஆரம்பிச்ச முசெயோ தெல் பாய்லே ஃபிளமெங்கோவும் பாக்கலாம், மியூசியமும் ஷோவும் ஒரே இடத்துல.

ஹெரெஸ் பத்தி எவ்ளோ சொன்னாலும் போதாது. சந்தியாகோ, சான் மிகேல் ரெண்டு பேட்டையும் எத்தனையோ பாட்டுக்காரங்க குடும்பங்களோட ஊர். இங்க தபாங்கோன்னு ஷெரி ஒயின் பீப்பாய்லேருந்து ஊத்தித் தர்ற பழைய கடைங்க உண்டு, எல் பசாஹே 1925லேருந்து இருக்கு. மேடைன்னு சொல்ல முடியாத ஒரு சின்னத் திட்டு, ரெண்டு நாற்காலி, சுவர் பூரா பழைய போட்டோ. நாங்க மத்தியான நேரத்துலயே போனோம், ஃபினோன்னு ஒரு வகை ஷெரி ஒரு கிளாஸ், கூட ஒரு தட்டு சீஸ், பக்கத்து மேஜைல ஒரு குடும்பமே தாத்தாலேருந்து பேரன் வரைக்கும். பாட்டு ஆரம்பிச்சதும் அந்தப் பேரன், எட்டு வயசு இருக்கும், மேஜை மேல விரல் முட்டியால தாளம் போடறான், ஒரு எண்ணிக்கை கூட பிசகல. 5க்கு 5, ஆனா உக்கார இடம் வேணும்னா சீக்கிரம் போங்க.

எப்ப போறதுன்னு கேட்டா, ஜூலை ஆகஸ்ட் வேண்டாம், வெயில் தாங்காது, பல பென்யா மூடியிருக்கும். செவில்லால பியெனால்ங்கற பெரிய ஃபிளமெங்கோ விழா 1980லேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரட்டைப்படை வருஷம் செப்டம்பர்ல நடக்குது. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற புனித வாரத்துல போனா ஊர்வலம் நிக்கற இடத்துல பால்கனிலேருந்து துணைக்கு வாத்தியமே இல்லாம சயேத்தான்னு ஒரு பக்திப் பாட்டு பாடுவாங்க, அதுக்கு டிக்கெட்டே கிடையாது. யுனெஸ்கோ 2010 நவம்பர் 16ல ஃபிளமெங்கோவை மனித குலத்தோட மரபுப் பட்டியல்ல சேத்ததால அந்தத் தேதிய ஒட்டியும் இந்த ஊருங்க இருக்கற தென் ஸ்பெயின் மாநிலமான அந்தலூசியால நிகழ்ச்சிங்க இருக்கும். டிசம்பர்ல ஹெரெஸ்ல சம்பொம்பான்னு கிறிஸ்துமஸ் பாட்டை தெருவுலயும் முற்றத்துலயும் வட்டமா நின்னு எல்லாருமே பாடறாங்க. எங்க ரெண்டு பேர் கண்ணும் இப்ப பிப்ரவரி கடைசில ஆரம்பிக்கற ஹெரெஸ் ஃபெஸ்டிவல் மேல, 1997லேருந்து நடக்குது, ராத்திரி வில்லாமார்த்தா தியேட்டர்ல ஷோ, பகல்ல வெளிநாட்டுலேருந்து வர்றவங்களுக்கு ஆட்ட வகுப்பு. அக்கா வகுப்புல சேரணும்னு ஷூ கூட வாங்கி வெச்சுட்டா.