குளியலறை பிளக் பாயிண்டுக்கு 2,400 டாலர் தண்டச் செலவு: அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கை நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி வழியாக வந்த எலக்ட்ரீஷியன், எங்கள் குளியலறைக்கு மின் லைன் இழுக்க 2,400 டாலர் வாங்கிக்கொண்டு, வீடே தீப்பிடிக்கும்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

பேனலிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) தனி லைன், புது பிரேக்கர், நகர கட்டட அலுவலகத்தின் பெர்மிட் எல்லாம் சேர்த்துத்தான் 2,400. முதல் நாளே தேசிய மின் விதிகளை மளமளவென்று ஒப்பித்தார். குளியலறை பிளக் பாயிண்டுகளுக்கென்று 20 ஆம்பியர் சர்க்யூட் ஒன்றாவது வேண்டும், வாஷ்பேசின் விளிம்பிலிருந்து 3 அடிக்குள் பாயிண்ட் இருக்க வேண்டும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு கட்டாயம் என்றார். அத்தனையும் உண்மையான விதிகள். இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகிப்பார்கள்? சுவரை மூடியதும், "செயலியில் ‘வேலை முடிந்தது’ என்று அழுத்திவிடுங்கள், இன்ஸ்பெக்‌ஷன் அன்று நானே வந்து நிற்கிறேன்" என்று கை குலுக்கினார். அழுத்தினேன்.

இன்ஸ்பெக்டர் வரவே இல்லை. நகர கட்டட அலுவலகத்தில் விசாரித்தால், எங்கள் முகவரிக்கு யாரும் பெர்மிட்டே எடுக்கவில்லை என்கிறார்கள்!

வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் பாயிண்டைக் கழற்றி, வெள்ளை உறையில் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டினார்: 14. அந்த 14 கேஜ் செம்பு ஒயர் 15 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. 20 ஆம்பியருக்கு அதைவிடத் தடிமனான 12 கேஜ் வேண்டும் (எண் குறைந்தால் ஒயர் தடிமன்). தனி லைன் இழுக்கவே இல்லை. முதலில் வந்தவர் படுக்கையறையின் பழைய லைனில் ஒட்டுப் போட்டு, பிரேக்கரை மட்டும் 15-இலிருந்து 20-ஆக மாற்றியிருக்கிறார். 1,875 வாட் ஹேர் டிரையர் ஒன்றே 120 வோல்ட்டில் 15 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். சுவருக்குள் ஒயர் சூடேறிக்கொண்டிருக்க, பிரேக்கர் விழவே விழாது.

ஜிஎஃப்சிஐ பாயிண்டில் இருக்கும் டெஸ்ட் பட்டன் இதில் இல்லையே என்று அன்றே அவரிடம் கேட்டிருந்தேன். "பாதுகாப்பு பேனலிலேயே இருக்கிறது" என்றார். பச்சைப் பொய். பேனலில் இருந்தது சாதாரண பிரேக்கர். 5 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் ஜிஎஃப்சிஐயின் வேலை. சாதாரண பிரேக்கருக்கு அந்தக் கசிவு தெரியவே தெரியாது. என் மகள் குளித்துவிட்டு வந்து ஈரக் கையோடு தலை உலர்த்துவது அந்தப் பாயிண்டில்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவரை அழைத்தால், முதலில் "வேறு வீட்டில் வேலையாக இருக்கிறேன்", பிறகு அழைப்பே போகவில்லை. செயலி நிறுவனமோ படங்கள் கேட்டது, அனுப்பினேன். இன்னொருவர் வந்து அதே படங்களைக் கேட்டார். கடைசியில், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே. வேலை முடிந்ததாக வாடிக்கையாளரே உறுதி செய்துள்ளார்" என்று புகாரை மூடிவிட்டார்கள். உத்தரவாதம் என்று விளம்பரம் செய்வதெல்லாம் எதற்கு? 2,400 டாலர் போனது போனதுதானாம். சுவரைத் திரும்ப உடைக்கும் செலவு தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பெர்மிட் எண்ணை வாங்கி, கட்டட அலுவலகத்தில் நீங்களே சரிபாருங்கள். உரிமத்தையும் அப்படியே. சுவரை மூடும் முன் ஒயரில் உள்ள எண்ணைப் படம் எடுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தி மின்சாரம் நிற்கிறதா பாருங்கள். இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை எந்தச் செயலியிலும் ‘வேலை முடிந்தது’ என்று அழுத்தாதீர்கள், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

உரிமம் தரும் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.