சயாம் மரண இரயில் ‘கல்விப் பயணம்’: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு மாணவர்களை அழைத்துப் போவதாகச் சொல்லும் அந்த விளம்பரம் மறுபடியும் வாட்சாப் குழுக்களில் வலம் வருகிறது. அதே குவாய் ஆற்றுப் பாலத்தின் படம், அதே வாசகங்கள்: ‘வரலாற்று ஆய்வாளருடன் களப்பயணம்’, ‘எல்லா நுழைவுக் கட்டணங்களும் அடக்கம்’, ‘பங்கேற்புச் சான்றிதழ்’. விலை மட்டும் ஏறியிருக்கிறது. சென்ற முறை பணம் கட்டிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் இன்னொரு குடும்பம் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். கடப்பிதழ் எடுத்ததே இந்தப் பயணத்துக்காகத்தான். என் அம்மாவின் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட ‘மரண இரயில்’ பாதை வேலைக்காக, கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கொடுக்கிறார்கள். மலேசியாவில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். பயண ஏற்பாட்டாளருக்கு அது நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் ‘நம் முன்னோர் சிந்திய இரத்தம்’ என்று எழுதியிருந்ததே அதனால்தான்.

பாங்காக்கில் இறங்கிய முதல் நாளில் வரலாறு எதுவும் இல்லை. ஒரு நகைக்கடை, ஒரு தோல்பொருள் கடை, ஒரு தேன் கடை. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிறுத்தினார்கள். வாங்காமல் வெளியே வந்தவர்களை ஏற்பாட்டாளர் முகம் சுளித்துப் பார்த்தார். அடுத்த நாள் காலை மிதக்கும் சந்தை. காஞ்சனபுரியை எட்டியபோது பிற்பகலாகிவிட்டது.

பேருந்தை விட்டு இறங்குவதற்கு முன்பே பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் 100 பாட். அந்த இரயில்பாதைக்காக மலையைப் பிளந்த இடமான ஹெல்ஃபயர் பாஸுக்கு 300 பாட். இரயிலுக்கு 400 பாட். எல்லாம் அடக்கம் என்றுதானே விளம்பரத்தில் இருந்தது என்று கேட்டேன். “அது பழைய விலை தங்கச்சி, தாய்லாந்துக்காரர்கள் ஏற்றிவிட்டார்கள்” என்றார் ஏற்பாட்டாளர். ரசீது கேட்ட மாணவருக்குப் பதிலே இல்லை.

உண்மை இதுதான். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. கிட்டத்தட்ட 7000 போர்க் கைதிகள் உறங்கும் இடம் அது. டிக்கெட் விற்கும் சாளரமே அங்கு இல்லை. ஹெல்ஃபயர் பாஸில் இருக்கும் விளக்க மையத்தை ஆஸ்திரேலிய அரசு நடத்துகிறது. அங்கும் நுழைவு இலவசம், காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டியும் இலவசம். காஞ்சனபுரியிலிருந்து ‘நாம் தோக்’ என்ற ஊர் வரை போகும் சாதாரண இரயிலில் வெளிநாட்டவருக்கு நாங்கள் போனபோது 100 பாட்தான். எஞ்சிய பணம் எங்கே போனது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

300 பாட் வாங்கிய பிறகும் ஹெல்ஃபயர் பாஸுக்கு எங்களைக் கூட்டிப் போகவில்லை. ‘மராமத்து வேலைக்காக மூடியிருக்கிறார்கள்’ என்றார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆஸ்திரேலியப் பள்ளி மாணவர் குழு ஒன்றைச் சந்தித்தோம். அன்று காலைதான் அங்கிருந்து வந்ததாக அவர்களுடைய ஆசிரியை சொன்னார். ஏற்பாட்டாளரிடம் கேட்டபோது, “அங்கே வெறும் பாறைதான் தங்கச்சி இருக்கிறது, அதற்காக 80 கிலோமீட்டர் போகவேண்டுமா?” என்றார்.

அந்த வெறும் பாறையைப் பார்க்கத்தான் நான் போனேன். 1943-இல் உளியும் சுத்தியலும் வெடிமருந்தும் கொண்டு மனிதர்கள் அந்த மலையைப் பிளந்தார்கள். இரவிலும் வேலை நிற்கவில்லை. தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைந்ததைப் பார்த்துத்தான் நரகத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தான்பியுசயாட்டையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை, ஜப்பானியர் அவசரத்துக்காக 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, சீதபேதி, பட்டினி, அடி. போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

எங்களுடன் வந்த ‘வரலாற்று ஆய்வாளர்’ இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலத்தின் மேல் நின்று ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ சினிமாக் கதையைச் சொன்னார். முழுப் பாலமும் அன்று கட்டியபடியே நிற்கிறது என்றார். நடுவிலுள்ள கோண வடிவ இரும்புச் சட்டங்கள் இரண்டும், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பிறகு பொருத்தப்பட்டவை. வளைவாக இருப்பவைதான் பழையவை. வரலாறு படிக்கும் மாணவர்கள் முன்னால் இப்படிச் சொல்ல அவருக்குக் கூச்சமாகவே இல்லை. இறந்த தமிழர்களைப் பற்றிக் கேட்டதற்கு, “கூலிகளும் கொஞ்சம் பேர் இருந்தார்கள்” என்றார். அந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை. பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

பாலத்திலிருந்து சிறிது தூரத்தில், 1944-இல் ஜப்பானியர்களே எழுப்பிய நினைவுத்தூண் வளாகம் இருக்கிறது. அங்கே தமிழிலும் கல்வெட்டு உண்டு. கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் தவோன் வராராம் கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவிடமும் தமிழர்களுக்காக நட்ட நடுகல்லும் அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. இரண்டுமே எங்கள் பயணத் திட்டத்தில் அச்சாகியிருந்தன. இரண்டுக்கும் அழைத்துப் போகவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய விபூதிப் பொட்டலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். நினைவுப்பொருள் கடையில் மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள்.

ஊர் திரும்பியதும் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில் ‘பார்க்கலாம்’, பிறகு ‘மாணவர்களுக்கு நன்றி உணர்வு வேண்டும்’, பிறகு வாட்சாப்பில் தடை. உரிம எண் கேட்டபோது ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சில் விசாரித்தோம். அது வேறொரு நிறுவனத்தின் எண். மலேசியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்த 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் கட்டாயம். பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் அமைச்சில் ஒப்பிட்டுக் கேளுங்கள். கட்டணத்தில் எந்தெந்த இடம் அடக்கம், வழிகாட்டி யார், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். வழியில் கடைகளில் நிறுத்துவார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். பள்ளியின் பெயரையோ கோயிலின் பெயரையோ சொல்லி வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஏற்பாட்டாளரே இல்லாமல் போவதும் கடினமில்லை. பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒரு இரயிலும் பிற்பகலில் ஒரு இரயிலும் காஞ்சனபுரி வழியாக நாம் தோக் போகின்றன. குகைக் கோயிலருகே மலைச்சுவரை ஒட்டிய மரப்பாலத்தில் அந்த இரயில் ஊர்ந்து போகும். அந்தப் பகுதியையும் அன்றைய கைதிகளும் தொழிலாளர்களும்தான் கட்டினார்கள். நாம் தோக்கிலிருந்து ஹெல்ஃபயர் பாஸுக்கு உள்ளூர்ப் பேருந்து கிடைக்கும். மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே தாய்லாந்து–பர்மா இரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கு கட்டணம் உண்டு, கொடுக்கலாம்.

நாங்கள் சிலர் சேர்ந்து மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இதே விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் வங்கிப் பரிமாற்றச் சீட்டு, விளம்பரப் படம், வாட்சாப் உரையாடல்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு மன்றம் ஏற்காது.