நானே செய்த டைனிங் டேபிள்: நாலு வருடம் கழித்து

செய்து முடித்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் பெருமைப் பேச்சாகப் போயிருக்கும். இப்போது நாலு வருடம் ஆகிவிட்டது. சாப்பாடு, மகளின் வீட்டுப்பாடம், அவசரத்துக்குத் துணி இஸ்திரி என்று அந்த மேசையின் மேல் நடக்காதது இல்லை.

தடித்த மேல்பலகை, சதுரக் கால்கள், கீழே ஒரு குறுக்குச் சட்டம். பண்ணைவீட்டு பாணி என்பார்களே, அதுதான். அழகுக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வளைவு நெளிவு கிடையாது, எல்லாமே நேர்வெட்டு, கற்றுக்குட்டிக்கும் கைவரும் என்று நினைத்தேன். வெட்டுவது உண்மையிலேயே சுலபம்தான். மரத்தின் குணம்தான் எனக்குத் தெரியவில்லை.

பைன் மரம், 6 அடி நீளம், 3 அடி அகலம், 30 அங்குல உயரம். மேல்பலகை ஒன்றரை அங்குலத் தடிமன். பலகைகளைப் பக்கவாட்டில் மரப்பசை போட்டு ஒட்டி, கிளாம்பில் இறுக்கி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டேன். அந்த ஒட்டு இன்றுவரை ஓர் இடத்திலும் விடவில்லை. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டால் பழமையான தோற்றம் வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நல்லவேளை, கேட்கவில்லை. அந்தச் சந்தில் சேரும் பருக்கையை யார் நோண்டி எடுப்பது?

பிரச்சினை இரண்டு முனையிலும் குறுக்காக வைத்த பலகைகளில் வந்தது. இந்த பாணிக்கே அவைதான் அடையாளம். முழு அகலத்துக்கும் பசை தடவி, ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டேன். முதல் வறண்ட பருவத்தில் ஒருநாள் காலை ‘டப்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் முனையிலிருந்து உள்நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

காரணம் பிறகுதான் புரிந்தது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் ஊதும், விட்டால் ஒடுங்கும். ஆனால் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, மாற்றமெல்லாம் அகலவாக்கில்தான். 3 அடி அகலப் பைன் பலகை பருவத்துக்குப் பருவம் கால் அங்குலம் விரிந்து சுருங்குவது சாதாரணம். முனைப்பலகையோ குறுக்கே கிடப்பதால் அதன் நீளம் அப்படியே இருக்கும். ஒன்று ஒடுங்கப் பார்க்கிறது, இன்னொன்று விடமாட்டேன் என்கிறது. நடுவில் மரம் பிளக்காமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு, பலகை வீட்டுக்கு வந்த மறுநாளே வேலையை ஆரம்பித்திருந்தேன். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது வீட்டுக்குள் காற்றாட விட்டிருக்க வேண்டும்.

சரி, முனைப்பலகைகளை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். இந்த முறை நாக்கும் காடியுமாக, அதாவது மேல்பலகையின் முனையில் நாக்கு போல ஒரு நீட்டல், முனைப்பலகையில் அது நுழைய ஒரு நீளப் பள்ளம். பசை நடுவில் மட்டும், ஒரு கையகலம். நடு ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை, மற்றவற்றுக்கு நீள்துளை. மேல்பலகையையும் அதற்குக் கீழே கால்களை இணைத்துச் சுற்றி ஓடும் சட்டத்தில் நேராக முடுக்காமல், சட்டத்தின் காடியில் வழுக்கி நகரும் இரும்புக் கொக்கிகளால் பிடித்திருக்கிறேன். அதற்கப்புறம் வெடிப்பே இல்லை. ஓரத்தைத் தடவினால் முனைப்பலகை சில மாதங்களில் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சில மாதங்களில் சமமாகிவிடும். விரலே பருவத்தைச் சொல்லிவிடும்.

கால்களை மூலைக்கட்டை வைத்து போல்ட்டால் பூட்டியதுதான் நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம். வருடத்துக்கு ஒருமுறை ஸ்பானரில் கால் சுற்று, அவ்வளவுதான், ஆட்டம் கிடையாது. வீடு மாறியபோது கழற்றியே கொண்டுபோனோம். இல்லையென்றால் வாசல்படியைத் தாண்டியிருக்காது.

மேல்பலகைக்குக் கீழே சுற்றி ஓடும் அந்தச் சட்டத்தை 6 அங்குல உயரத்துக்கு வைத்தது தப்பு. தரையிலிருந்து சட்டத்துக்கு 24 அங்குலமாவது இருந்தால்தான் முழங்கால் வசதியாக நுழையும். என்னுடையதில் இருபத்திரண்டரைதான். உயரமான என் தம்பி இன்றும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, சாய்ந்த மாதிரிதான் சாப்பிடுகிறான். இதை இனி மாற்ற முடியாது. கால்வைக்கும் குறுக்குச் சட்டத்தில் வார்னிஷ் முழுக்கத் தேய்ந்துவிட்டது. அதைத் தேய்த்ததும் பெரும்பாலும் அவன்தான்.

மேற்பூச்சு, தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன், மூன்று கோட். தொட்டால் ஒட்டவில்லை என்றதும் காய்ந்துவிட்டது என்று இரண்டாம் வாரமே சூடான பாத்திரத்தை வைத்துவிட்டோம். வெள்ளை வளையம் விழுந்தது. மேலே சில மணி நேரத்தில் காய்ந்தாலும் முழுசாக இறுக ஒரு மாதம் வரை ஆகும். தேய்த்து மறுபடி பூசிய பிறகுதான் வளையம் போனது.

பைன் மென்மரம். கரண்டி விழுந்தாலே குழி. பூசாத மரமாக இருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நசுங்கிய நார் ஊதிக் குழி எழும்பிவிடும். பூச்சுக்கு மேல் அந்த வித்தை பலிக்காது. முதலில் ஒவ்வொரு குழிக்கும் சண்டை போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். மகள் ஒற்றைத் தாளை நேராக மேசையில் வைத்து அழுத்தி எழுதுவாள். சாய்வாக வெளிச்சம் விழும்போது அவள் இடத்தில் 7 × 8 = 54 என்று தெளிவாகப் படிக்கலாம். இப்போது அவளுக்கு வாய்ப்பாடு தலைகீழ்ப்பாடம். மேசைதான் இன்னும் 54 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.