கேகே, ஏபிஎம், பிக்ஸாக்: வீட்ல கட்டுற ட்ரோனுக்கு எந்த போர்டு?

போர்டுன்னா ட்ரோன சாயாம நிக்க வைக்கிற மூளை, ஃப்ளைட் கன்ட்ரோலர். மொதல்லயே சொல்லிடறேன், எந்த போர்டு போட்டா நல்லா பறக்கும்னு பாத்து வாங்காதீங்க, விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு எது சொல்லும்னு பாத்து வாங்குங்க. வீட்ல கட்டுற ட்ரோன் விழத்தான் செய்யும், அதுல தப்பே இல்ல, ஆனா காரணம் தெரியாம மறுபடி மறுபடி விழுந்தா காசும் போகும் ஆர்வமும் போயிரும்.

என்னோடது காலேஜ் ப்ராஜெக்ட்ல எல்லாரும் போடுற அதே செட்டுதான். எஃப்450 ஃப்ரேம், ஏ2212 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து) மோட்டார் நாலு, மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற 30 ஆம்பியர் ஈஎஸ்சி நாலு, 10 இன்ச் புரொப்பெல்லர், 3எஸ் 2200 எம்ஏஹெச் லிப்போ பேட்டரி, ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட். இதே ஃப்ரேம்ல மூணு போர்டு மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்துட்டேன், அதனால வித்தியாசம் போர்டோடதுதான்னு தைரியமா சொல்ல முடியும்.

கேகே 2.1.5 தான் மொதல்ல வாங்குனது. இதுல பெரிய ப்ளஸ் அந்த சின்ன எல்சிடி திரையும் நாலு பட்டனும், லேப்டாப்பே தேவையில்ல, மொட்டை மாடியில உக்காந்தே எல்லாத்தையும் செட் பண்ணலாம். ரிசீவர் டெஸ்ட்டுன்னு ஒரு பக்கம் இருக்கு, ஸ்டிக்க அசைச்சா நம்பர் ஏறி எறங்குறது கண்ணு முன்னாடியே தெரியும், வயர் மாறிப்போச்சுன்னா அங்கயே புரிஞ்சிரும். ஈஎஸ்சி கேலிபரேஷனும் லேசுதான், புரொப்பெல்லர கழட்டிட்டு, த்ராட்டில (மோட்டார் வேகம் ஏத்துற ஸ்டிக்) ஃபுல்லா வச்சு, ஒன்னாவது பட்டனையும் நாலாவது பட்டனையும் சேத்து அமுக்கிக்கிட்டே பேட்டரிய சொருகணும், பீப் வந்ததும் பட்டன விடாமலே த்ராட்டில எறக்கணும், முடிஞ்சுது. ஒரு ட்ரோன் எப்படி நிக்குது, பி கெய்ன் (சாஞ்சா எவ்வளவு பலமா திருத்தணும்ங்கற அளவு) கூட்டுனா ஏன் நடுங்குது, இதெல்லாம் கைல புரிய வைக்கிறதுல கேகே-வ அடிச்சுக்க ஆளே இல்ல.

ஆனா ஜிபிஎஸ் கிடையாது, உயரத்தப் புடிச்சு நிக்க பாரோமீட்டர் கிடையாது, முக்கியமா லாக், அதாவது பறந்தப்ப நடந்தத எழுதி வைக்கிற பதிவு, கிடையாது. என் ட்ரோன் நல்லா நின்னுக்கிட்டே இருக்கும், திடீர்னு முன்பக்கம் இடது மூலையில சாஞ்சு தலைகுப்புற விழும். மூணு தடவ விழுந்துச்சு. பி கெய்ன கொறச்சேன், ஏத்துனேன், புரொப்பெல்லர் மாத்துனேன், பேட்டரி மேல சந்தேகப்பட்டேன், மூணு வாரம் இப்படியே போச்சு, திரையில எல்லாம் ஓகேன்னே காட்டுது. அந்த மூணு வாரமும் மனசு ரொம்ப சோர்ந்து போச்சு.

ஏபிஎம் 2.8 பத்தி சுருக்கமா முடிச்சுக்கறேன். ஃப்ரெண்டுகிட்ட வாங்கி ரெண்டு வாரம் ஓட்டுனேன். ஜிபிஎஸ் இருக்கு, கொஞ்சம் லாக்கும் இருக்கு, பழைய ரிசீவர் வயர அப்படியே சொருகலாம், விலையும் கம்மி. ஆனா உள்ள இருக்கறது 8 பிட் சிப், ட்ரோன ஓட்டுற ஆர்டுபைலட் சாஃப்ட்வேர்ல காப்டர் 3.2.1 தான் இதுக்குக் கடைசி வெர்ஷன், அதுக்கப்புறம் எதுவும் இதுல ஏறாது. இப்ப காசு குடுத்து புதுசா வாங்காதீங்க, யாராவது சும்மா குடுத்தா பழகிக்கலாம்.

பிக்ஸாக் 2.4.8 க்கு வந்தப்பதான் விஷயமே தெளிவாச்சு. இது 32 பிட், எஸ்டி கார்டு சொருகற எடம் இருக்கு, ஆர்ம் பண்ணுன (மோட்டார் சுத்த அனுமதி குடுத்த) நொடியிலேந்து எல்லாத்தையும் எழுதி வச்சிக்கும். ஆனா செட் பண்ண ஒரு முழு நாள் ஆகும். ஆறு பக்கமும் திருப்பி வச்சு ஆக்ஸிலரோமீட்டர் கேலிபரேஷன், சுத்திச் சுத்திக் காம்பஸ், அப்புறம் ரேடியோ, சேஃப்டி சுவிட்ச அமுக்கலன்னா மோட்டார் சுத்தாது. ரிசீவரும் கவனிக்கணும், சேனலுக்கு ஒரு வயருன்னு இதுல போகாது, எல்லா சேனலையும் ஒரே வயர்ல அனுப்புற பிபிஎம் இல்லன்னா எஸ்பஸ் வேணும், ஐ6 வச்சிருக்கவங்க ஐஏ6 இல்லாம ஐஏ6பி ரிசீவரா பாத்து எடுங்க.

இன்னொன்னு, இது தெரியாம நெறய பேர் மொத டேக்ஆஃப்லயே கவுத்திடறாங்க. மோட்டார் நம்பர் போர்டுக்குப் போர்டு மாறும். கேகே-ல முன் இடதுதான் 1, அங்கேந்து கடிகாரச் சுத்துல 2, 3, 4. பிக்ஸாக்ல முன் வலது 1, பின் இடது 2, முன் இடது 3, பின் வலது 4. சுத்துற திசை ரெண்டுலயும் ஒன்னுதான், சொருகற வரிசைதான் வேற, பழைய வரிசையிலயே சொருகிட்டு த்ராட்டில ஏத்துனா நேரா பொரண்டுரும்.

பிக்ஸாக்கோட நாலாவது தடவை பறக்கும்போது மறுபடி அதே முன் இடது மூலை, அதே விழுகை. ஆனா இந்த வாட்டி எஸ்டி கார்ட எடுத்து மிஷன் ப்ளானர்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டேன். நாம கேட்ட ரோல் (இடது வலது சாய்வு) ஒரு கோடு, ட்ரோன் நெசமா சாஞ்ச ரோல் ஒரு கோடு, ரெண்டும் ஒட்டியே ஓடிட்டு வந்து ஒரு எடத்துல பட்டுனு பிரியுது. அதே நொடியில மோட்டார் அவுட்புட்ட பாத்தா மூணாவது உச்சிக்குப் போயிருக்கு, எதிர் மூலையில இருக்க நாலாவது அடியில கெடக்கு. அதாவது போர்டு அந்த மோட்டார முழு வேகத்துல சுத்தச் சொல்லிக்கிட்டே இருக்கு, மோட்டார்தான் சுத்தல. அந்த மூலையில போய் மோட்டார் வயர சேக்கற புல்லட் கனெக்டர் மேல இருந்த ஷ்ரிங்க் ட்யூப கிழிச்சுப் பாத்தேன், ஈயம் பளபளன்னு இல்லாம சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு, லேசா இழுத்ததும் வயர் கையோட வந்துருச்சு. 25 வாட் சால்டரிங் அயர்ன் அந்தத் தடிமனுக்குச் சூடு பத்தாது, 60 வாட்ல திரும்ப வச்சேன், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த மூலை சாயல. கேகே காலத்துலேந்தே இருந்த கோளாறு, அதக் கண்டுபிடிக்க ஒரு கோடுதான் தேவைப்பட்டுச்சு.

அந்த லாக்லயே அதிர்வும் பாக்கலாம், 30 ஐ தாண்டாம இருந்தா நல்லது, தாண்டுனா புரொப்பெல்லர்ல லேசா இருக்க பக்கம் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி பேலன்ஸ் பண்ணுங்க. ஒரே எடத்துல நிக்கச் சொன்னா வட்டம் போடுதுன்னா காம்பஸ்தான், காம்பஸ் உள்ள இருக்க ஜிபிஎஸ்ஸ கம்பி மேல ஏத்தி பவர் வயர்கிட்டேந்து தள்ளி வைங்க.

எஃப்405 போர்டுல பீட்டாஃப்ளைட் சாஃப்ட்வேர் போடறது 5 இன்ச் ரேஸ் ட்ரோனுக்கு அருமை, ப்ளாக்பாக்ஸ் லாக்கும் உண்டு, ஆனா பெரிய எஃப்450 ல ஜிபிஎஸ் வச்சு நிதானமா ஓட்ட நெனைக்கறவங்களுக்கு நான் பிக்ஸாக்தான் சொல்லுவேன்.

எந்த போர்டா இருந்தாலும் மொத தடவ பேட்டரி குடுக்கும்போது பாசிட்டிவ் வயர் நடுவுல ஒரு 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு போட்டுப் பாருங்க. பளிச்சுனு மின்னி அணைஞ்சா சரி, எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட், போர்டு தப்பிச்சுரும். அப்புறம் இந்த சைஸ் ட்ரோன் 1 கிலோவத் தாண்டும், 2021 ட்ரோன் விதிகள்படி இது மைக்ரோ வகை, அதனால பறக்க விடறதுக்கு முன்னாடி அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க ஊரு பச்சையா மஞ்சளா செவப்பான்னு பாத்துருங்க.

கேகே-வ நான் விக்கல, சித்தப்பா பையன்கிட்ட குடுத்துட்டேன், ஒம்பதாவது படிக்கறான். போன வாரம் திரையில யா (ட்ரோன் தலைய திருப்புற ஸ்டிக்) இன்புட் இல்லன்னு எரர் வந்துருக்கு, எனக்கு ஃபோன் பண்ணவே இல்ல, அவனே ரிசீவர் டெஸ்ட் பக்கத்தத் தொறந்து ஒவ்வொரு ஸ்டிக்கா அசைச்சுப் பாத்து, லூஸா இருந்த வயர கண்டுபிடிச்சு சொருகிட்டு, பறக்குற வீடியோவ மட்டும் அனுப்புனான்.