ஜிமெயில் நிரம்பிவிட்டதா? பணம் கட்டுமுன் தேடல் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரச் சமூக மன்றம் ஒன்றின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் நான் செயலாளர். பொங்கலோ தீபாவளியோ, ஒலிபெருக்கிக்காரரின் விலைப்புள்ளி, கேட்டரிங் உணவுப் பட்டியல், சுவரொட்டி, நிகழ்ச்சிப் படங்கள் எல்லாம் என் ஜிமெயிலுக்குத்தான் வரும். இத்தனையும் புழங்கும் எனக்கு அந்தச் சேவையின் உயிர் அதன் தேடல் பெட்டியில்தான் இருக்கிறது.

2004ல் ஜிமெயில் தொடங்கியபோது 1 ஜிபி இடம் தந்தது. இப்போது இலவசமாகவே 15 ஜிபி. தாராளம்தான், ஆனால் அதை மின்னஞ்சல், டிரைவ், கூகல் போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இடம் தீரப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததும் பலர் சந்தா கட்டிவிடுகிறார்கள். எங்கள் குழுவினரை நான் அப்படிக் கட்ட விடுவதில்லை.

கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சின்னக் குறி ஒன்று தெரியும். அழுத்தினால் படிவம் விரியும்: யாரிடமிருந்து, யாருக்கு, தலைப்பு, அளவு, தேதி, இணைப்பு உண்டா. அளவு 10 எம்பிக்கு மேல் என்று மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஒரு மின்னஞ்சலில் 25 எம்பி வரை இணைத்து அனுப்பலாம் என்பதால், திருத்தித் திருத்தி வந்த ஒரே சுவரொட்டியின் எல்லா வடிவங்களும் அங்கே வரிசையாக நிற்கும். கடைசி வடிவத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். நீக்கியவை 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அதையும் கையோடு காலி செய்யவேண்டும்.

அதே படிவத்தின் அடியில் வடிகட்டி அமைக்கும் பொத்தான் இருக்கிறது. இன்னாரிடமிருந்து வருவது இந்த அடையாளத்தின்கீழ் (லேபிள்) போகட்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், வரும் கடிதங்கள் தாமே பிரிந்துகொள்ளும். கணக்குத் தணிக்கை நேரத்தில் பொருளாளருக்கு இதன் அருமை தெரியும்.

தமிழில் தேடுபவர்களுக்கு ஒன்று. ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடும், சொல்லின் பாதியைப் பிடிக்காது. ‘பொங்கலுக்கு’ என்று எழுதிய கடிதம் ‘பொங்கல்’ என்று தேடினால் கிடைக்கும் என்று நம்பி இருக்கவேண்டாம். வேற்றுமை உருபு இல்லாமல் நம் மொழியில் வாக்கியம் ஏது? ஆகவே எங்கள் குழுவில் கடிதத்தின் தலைப்பு எப்போதும் ‘பொங்கல் 2026’ என்று உருபு சேராமல்தான் தொடங்கும்.

அடுத்தது கூட்டல் குறி. உங்கள் முகவரியில் பெயருக்கும் ‘அட்’ (@) குறிக்கும் நடுவில் கூட்டல் குறி போட்டு எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். கடைத்தொகுதிக் குலுக்கல் படிவத்துக்கு ஒரு சொல், இணைய அங்காடிக்கு வேறொரு சொல் என்று கொடுங்கள். நாளைக்கு ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது’ என்று குலுக்கலுக்குக் கொடுத்த முகவரிக்குக் கடிதம் வந்தால் அது மோசடி என்று அங்கேயே தெரிந்துவிடும். 2022ல் இங்குள்ள வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலிருந்தும் குறுஞ்செய்தியிலிருந்தும் அழுத்தக்கூடிய இணையத்தள இணைப்புகளை எடுத்துவிட்டன என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தயவுசெய்து சொல்லிவையுங்கள். சில இணையத்தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது, அங்கே இந்த வழி உதவாது.

அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசம் வழக்கமாக 5 விநாடிதான். அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் 30 ஆக்கிவிடுங்கள். சிறப்பு விருந்தினருக்கு அழைப்பு அனுப்புகிறவர்களுக்கு 5 விநாடி எந்த மூலைக்கு?

பழைய கடிதங்களை மொத்தமாகக் களையும்போது மட்டும் கைப்பேசியை நம்பாதீர்கள். கணினியில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டதும், இந்தத் தேடலில் அகப்பட்ட அத்தனையையும் தேர்ந்தெடுக்கவா என்று மேலே ஒரு வரி கேட்கும். அதை அழுத்தினால் பக்கம் பக்கமாகப் புரட்டும் வேலை இல்லை.