ஆறு பாம்பு, ஒரு சின்ன அறை: கண்ணாடித் தொட்டியா, கேபினட்டா, டிராயர் ரேக்கா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஃபிளாட்டுக்கு மாறியபோது எங்களுக்குக் கிடைத்த மூன்றாவது அறை, ஒற்றைக் கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது, அந்த அளவுதான். அதைப் பாம்புகளுக்கு ஒதுக்கினோம். நான்கு பால் பைத்தான் (ball python, சின்ன மலைப்பாம்பு வகை), இரண்டு கார்ன் ஸ்நேக் (corn snake, மெல்லிய, விஷமில்லாத பாம்பு). பழைய தரை வீட்டில் ஆளுக்கொரு கண்ணாடித் தொட்டி என்று ஹாலின் ஒரு சுவர் முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். இங்கே அதற்கு வழியில்லை. கடைசியில் டிராயர் ரேக்குக்குப் போனேன். இன்னொரு தடவை தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதற்குத்தான் போவேன். அதனால் கீழே எழுதுவதில் ரேக் பக்கம் சாய்வு இருக்கும், மறைக்கவில்லை.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். இடம் மிச்சம் என்று இரண்டு பாம்பை ஒரே பெட்டியில் விடுவது. பாம்பு துணை தேடும் பிராணி இல்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடப்பதைப் பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் ஒரே நல்ல மூலைக்கு இரண்டும் போட்டி போடுகின்றன. எது இரையைக் கக்கியது, எது மூன்று வாரமாகக் கழிக்கவில்லை என்றும் கண்டுபிடிக்க முடியாது. கிங் ஸ்நேக்காக இருந்தால் பக்கத்தில் இருப்பதையே விழுங்கிவிடும். ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி, அதில் பேரம் இல்லை. அனுமதி விஷயத்திலும் அப்படித்தான்: மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வரும் இனத்தை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எந்த இனம் வாங்கினாலும் முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, கண்ணாடித் தொட்டி. பார்க்க அழகு, வருகிறவர்களுக்குக் காட்டலாம், மீன் கடையிலேயே கிடைக்கும். இரும்பு ரேக் ஒன்று வாங்கித் தொட்டிகளை அடுக்கினால் இடம் மிச்சம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். மேல் மூடி திறக்கும் தொட்டிக்கு மேலே கை விட இடம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி 45 செ.மீ. உயரம் என்றால், மூடியைத் தூக்கி, கொக்கியை உள்ளே விட்டு, பாம்பை வெளியே எடுக்க இன்னொரு 40 செ.மீ. காலியாக விட வேண்டும். ஆக ஒரு தட்டுக்கு 85 செ.மீ. சாதாரணக் கூரை உயரத்தில் மூன்று தட்டுதான் வரும். அந்த மூன்றாவது தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். பாதி இடம் காற்றுக்குப் போய்விடுகிறது. எடையும் சும்மா இல்லை. 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் 90க்கு 45க்கு 45 தொட்டி, வெறும் கண்ணாடி மட்டுமே 20 கிலோ வரும். இதற்கு மேல் கண்ணாடித் தொட்டியைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

முன்பக்கம் திறக்கும் கேபினட்தான் ரேக்குக்கு உண்மையான போட்டி. மேலே இடம் விட வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கலாம். 120க்கு 60 தரைப்பரப்பில், தட்டுக்கு 45 செ.மீ. உயரம் வைத்தால் இரண்டு மீட்டருக்குள் நான்கு பாம்பு. கிளை வைக்கலாம், விளக்கு மாட்டலாம், பாம்பு நடமாடுவதைப் பார்க்கலாம். பணமும் இடமும் உள்ளவர்களுக்கு இதைத்தான் பலர் சொல்வார்கள், தப்பில்லை. எதில் செய்தது என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊர்த் தளபாடக் கடைகளில் கிடைக்கும் மெலமைன் பலகையில் (மேலே வழவழப்பான தாள் ஒட்டிய மரத்துகள் பலகை) செய்தால், விளிம்பில் ஒட்டிய பட்டை கொஞ்சம் பிரிந்தாலும் போதும், ஈரம் உள்ளே இறங்கிப் பலகை ஊதிவிடும். கோலாலம்பூர் ஈரக் காற்றில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ வேண்டும் என்றுகூட இல்லை. பிவிசி பலகை என்றால் அந்தத் தொல்லை கிடையாது, ஆனால் விலை ஏறிவிடும்.

இனி ரேக். அலமாரிச் சட்டத்துக்குள் மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டிகள் டிராயர் மாதிரி உள்ளே போய்வரும். மேல்தட்டுதான் பெட்டிக்கு மூடி. கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற நீளப் பெட்டிகளை முதலில் வாங்கி, அந்த அளவைக் கொடுத்து கெப்போங்கில் ஒரு தச்சரிடம் சட்டம் அடித்தேன். பெட்டி 90க்கு 45, உயரம் 18 செ.மீ. எட்டுத் தட்டு வைத்தும் ஆள் உயரத்தைத் தாண்டவில்லை. தரையில் அது பிடிக்கும் இடம் அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. பெட்டியை வெளியே இழுக்கவும் இடம் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். குறுகிய பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால் முன்னால் 90 செ.மீ. காலியாக வேண்டும். நீளப் பக்கத்தை வெளியே திருப்பினால் 45 செ.மீ. போதும், சுவரோடு ஒட்டி மெலிசாக நிற்கும். சின்ன அறைக்கு அதுதான் சரி.

ஆனால் இடத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் கேபினட்டோடு சமாதானம் ஆகியிருப்பேன். என்னை ரேக் பக்கம் தள்ளியது கழுவுகிற வேலை.

பாம்பு தினமும் அசிங்கம் பண்ணாது. பண்ணும்போது மொத்தமாகப் பண்ணும். பழுப்பாக ஒரு குவியல், பக்கத்தில் வெள்ளைக் கட்டியாக யூரேட் (பாம்பின் கெட்டியான மூத்திரக் கழிவு), சுற்றி ஈரம். வெளியே 32 டிகிரி, காற்றில் ஈரம், சன்னல் சாத்திய அறை. காலையில் கழித்ததை மாலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். இன்னும் ஒரு நாள் விட்டால், அடியில் பரப்பியது தேங்காய் நார்த்தூளாக இருந்தால், அதில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். அதன்மேலேயே பாம்பு கிடந்தால் வயிற்றுச் செதில் சிவந்து புண்ணாகும். ஆகவே பார்த்த உடனே சுத்தம் செய்தாக வேண்டும். அந்த வேலை லேசாக இருந்தால்தான் களைப்போடு வந்த ராத்திரியிலும் செய்வோம்.

ரேக்கில் என் வேலை இவ்வளவுதான். காலிப் பெட்டி ஒன்றில் தாள் விரித்து, கிண்ணமும் மறைவிடமும் வைத்துத் தயார் செய்வேன். அழுக்குப் பெட்டியை இழுத்து, பாம்பைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, உள்ளே தள்ளிவிடுவேன். பழையதைக் குளியலறைக்கு எடுத்துப் போய்த் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் கலந்த குளோராக்ஸ் (பிளீச்) ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, வாடை போகும்வரை அலசி, பால்கனியில் துணியோடு காயப்போடுவேன். பாம்பு தன் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஆனபிறகுதான் நான் தேய்த்து முடிப்பேன். கண்ணாடித் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்க முடியுமா? கேபினட்டை? இரண்டையும் இருந்த இடத்திலேயே துணியும் வாளியுமாகக் குனிந்து துடைக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம் பொருத்துகள். கண்ணாடியில் சிலிகான் ஒட்டிய கோடு, கேபினட்டில் நகரும் கண்ணாடிக் கதவு ஓடும் தடம், பலகை சேரும் மூலை. நார்த்தூள், உரித்த தோல் துணுக்கு, மூத்திர ஈரம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மைட் (பாம்பின் ரத்தம் குடிக்கும் பொடி உண்ணி) வந்துவிட்டால் ஒளிந்துகொள்வதும் அந்த இடுக்குகளில்தான். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அதுதான். பிளாஸ்டிக் பெட்டி ஒரே வார்ப்பு, இடுக்கே கிடையாது. நேர்மையாகச் சொல்வதென்றால், சட்டத்துக்கு இடுக்கு உண்டு, மைட் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு இறங்கவும் செய்யும். அதனால் புதிதாக வாங்கிய பாம்பு நேராக ரேக்குக்குப் போகக் கூடாது. வேறு அறையில் ஒன்றிரண்டு மாதம் தனியாக இருக்கட்டும்.

விரிக்கிற தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நாளிதழ்தான் போடுகிறேன், ஈரம் உறிஞ்சும், காசு இல்லை. ஆனால் தமிழ்ப் பேப்பரை அம்மா முதலில் ஒரு பார்வை பார்த்துவிடுவார். தைப்பூசச் சிறப்பிதழில் பத்துமலை முருகன் படம் இருக்கும், அதைப் போய்ப் பாம்புக்கு அடியில் போடுவாயா என்பார். இப்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுக்கும் சீனப் பேப்பரில் ஓடுகிறது.

சூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேக் பற்றிப் படிக்கிற குறிப்புகளில் பாதி, பின்னால் ஹீட் டேப் (மின்சாரத்தில் சூடாகும் பட்டை) எப்படி ஒட்டுவது என்பதாக இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. பால் பைத்தானுக்கு வெப்ப மூலை 31, 32 டிகிரி இருந்தால் போதும், ஏர்கான் இல்லாத நம் அறை பிற்பகலில் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுகிறது. இங்கே பயப்பட வேண்டியது அதிகச் சூட்டுக்கு. மேற்கு வெயில் அடிக்கும் சுவரோடு ரேக்கை வைக்காதீர்கள். வெப்பமானியை மேல்தட்டில் வையுங்கள், கீழ்த்தட்டில் வைத்தால் மனசுக்கு ஆறுதல் மட்டுமே கிடைக்கும். ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் தேவைப்படலாம். அந்த அனுபவம் எனக்கில்லை.

ரேக்கின் பலவீனம் காற்றோட்டம். வாங்கிய பெட்டியில் ஓட்டை கிடையாது, நாம்தான் போட வேண்டும். சால்டரிங் அயர்னால் இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் வரிசையாகத் துளை போட்டேன். வீட்டுக்குள் செய்யாதீர்கள், நாற்றம் போகாது. துளையைச் சுற்றி உள்பக்கம் உருகி எழும்பும் விளிம்பைப் பிளேடால் வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் மூக்கைத் தேய்க்கும் பாம்புக்குக் காயமாகும். பெட்டிச் சுவர் வேர்த்திருந்தால் துளை போதவில்லை அல்லது கிண்ணம் பெரிது என்று அர்த்தம். கார்ன் ஸ்நேக்குக்குச் சின்னக் கிண்ணமே வையுங்கள்.

அப்புறம், இடைவெளி. பெட்டியின் விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பிளைவுட் தட்டு நாளாக ஆக நடுவில் தொய்யும். தொய்ந்தால் ஒரு பெட்டி இறுகும், இன்னொன்றில் வழி திறக்கும். கார்ன் ஸ்நேக் குஞ்சுக்குப் பென்சில் நுழைகிற சந்து போதும். தரை வீட்டில் பாம்பு தப்பினால் நம் தலைவலி. ஃபிளாட்டில் தப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் பொம்பாவையோ (தீயணைப்புத் துறை) பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுவார், ராத்திரியே மேனேஜ்மென்ட்டில் புகார் போகும். தடித்த தட்டு, நடுவில் ஒரு தாங்கல் என்று தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரேக்கை எதிர்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: பாம்பு முழு நீளத்துக்கு உடம்பை நீட்ட இடமில்லை, ஏற இடமில்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வளர்ந்த பெண் பால் பைத்தான் ஒன்றரை மீட்டர் வரை போகும், என் பெட்டியின் நீளம் 90. பகலெல்லாம் இருட்டுப் பொந்தில் முடங்கிக் கிடக்கிற இனம் என்பதால் என்னுடையவை ஒழுங்காகத் தின்று, ஒரே துண்டாகத் தோல் உரிக்கின்றன. அதை வைத்து அவை திருப்தியாக இருக்கின்றன என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மாலையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிடுகிறேன். கார்ன் ஸ்நேக் ஏறும் ஜாதி, அதனால் பெரியதற்கு மட்டும் ஒரு பிவிசி கேபினட் வாங்கி எதிர்ச்சுவரில் வைத்திருக்கிறேன். மரத்தில் வாழும் கிரீன் ட்ரீ பைத்தான் போன்றவற்றுக்கு 18 செ.மீ. உயர டிராயர் ஆகவே ஆகாது. போவா, பெரிய மலைப்பாம்பு வகைகளை நான் வளர்த்ததில்லை, அவற்றுக்கு எது சரி என்று வளர்த்தவர்களைக் கேளுங்கள்.

விற்கும்போது கண்ணாடித் தொட்டிதான் சீக்கிரம் போகும், மீன் வளர்ப்பவர்களும் வாங்குவார்கள். ரேக்கை வாங்க இன்னொரு பாம்புக்காரர்தான் வர வேண்டும், அவரும் பாதி விலைக்குக் கேட்பார். அதைவிட முக்கியம், பெட்டியைக் கூடுதலாக வாங்கி வைப்பது. பெட்டி தயாரிப்பவர்கள் அளவை எப்போது மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு செ.மீ. கூடினாலும் புதுப் பெட்டி உங்கள் சட்டத்துக்குள் நுழையாது. எட்டுத் தட்டுக்குப் பத்துப் பெட்டியாவது ஒரே நாளில், ஒரே கடையில் எடுத்துவிடுங்கள்.