தக்காளி வாடினால்: டம்ளரா, ஆய்வுக்கூடமா, டிஎன்ஏவா?

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளிச் செடி தலை தொங்கினால், உரக்கடைக்கு ஓடிக் கார்பண்டசிம் என்ற பூசணக்கொல்லியை வாங்கி வேரில் ஊற்றுவோம். நானும் ஊற்றியிருக்கிறேன். அடுத்தடுத்த செடிகளும் வாடிக்கொண்டேதான் போயின. மருந்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே இருந்தது பூசணமே இல்லை, பாக்டீரியா.

செடியை வாட்டும் ஆளைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. என் ஓட்டு முதல் வழிக்கு. அதற்குத் தேவை ஒரு கத்தியும் ஒரு கண்ணாடி டம்ளரும்தான். இலை பச்சையாக இருக்கும்போதே வாடிய செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கும். இறங்கவில்லையா, தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடி, கீழ் இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகியிருந்தால் பெரும்பாலும் பியூசேரியம் என்ற பூசணம். மண்ணை ஒட்டிய கழுத்தில் வெள்ளை நூல் விசிறி போலப் படர்ந்து, அதில் கடுகு போலப் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் ஸ்கிளிரோஷியம் என்ற இன்னொரு பூசணம். நிலக்கடலை, கேழ்வரகு இரண்டையும் அடிப்பதும் இதே ஆள்தான். நூல் சரியாகத் தெரியாவிட்டால், தண்டை ஈரக் காகிதத்தில் சுற்றி ஒரு டப்பாவில் மூடி இரண்டு மூன்று நாள் வையுங்கள், வெளியே வந்துவிடும்.

நாற்றங்காலில் இந்த வித்தை பலிக்காது. நாற்று கழுத்தில் மடிந்து விழுந்தால் பித்தியம் என்ற கிருமியாகவும் இருக்கலாம், ரைசோக்டோனியா என்ற பூசணமாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மருந்து வேறு வேறு. பித்தியம் உண்மையில் பூசணக் குடும்பமே இல்லை, அதனிடம் கார்பண்டசிம் எடுபடாது, மெட்டலாக்சில் வேண்டும். நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ரைசோக்டோனியாவின் இழை ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைத்து, கிளை தொடங்கும் இடத்தில் இடுங்கி, அதை ஒட்டி ஒரு குறுக்குச் சுவர் போட்டிருக்கும். பித்தியத்தின் இளம் இழையில் குறுக்குச் சுவரே இருக்காது.

அங்கேதான் இரண்டாவது வழியான ஆய்வுக்கூடம் வருகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து எடுத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை, உறையவைக்க 20 கிராம் அகர், ஏறக்குறைய சமையல்தான். அதைத் தட்டில் ஊற்றி, நோய்த் துண்டை வைத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், தட்டில் முந்தி வளர்பவனே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. செத்த வேரில் சும்மா குடியிருக்கும் பியூசேரியமும் ஜோராக வளரும். அதனால் முழுக்கச் செத்த செடியைக் கொண்டுபோகாதீர்கள்; பாதி வாடியதை வேர்மண்ணோடு கொண்டுபோங்கள். ஒருமுறை நான் ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி, ஒரு நாள் வண்டிப் பெட்டியிலேயே வைத்திருந்து கொடுத்தேன். பிரித்தபோது நாற்றம்தான் மிச்சம். காகிதத்தில் சுற்றியிருக்க வேண்டும். தருமபுரி மாவட்டத்துக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையமும் நாம் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள்.

மூன்றாவது டிஎன்ஏ சோதனை. துல்லியம் என்பார்கள், துல்லியம்தான். ஆனால் பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற ஒரே பெயரில் செடியைக் கொல்வதும் இருக்கிறது, எதுவும் செய்யாமல் கிடப்பதும் இருக்கிறது. பூசணத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ துண்டு இரண்டையும் பிரித்துக் காட்டாது. புது ரகம் உருவாக்குகிறவர்களுக்கு வேண்டியதாக இருக்கலாம். அரை ஏக்கர் தக்காளிக்கு அந்தக் காசைச் செலவு பண்ண மாட்டேன்.

சரி, என் கணக்கு இதுதான்: நட்ட வயலுக்கு டம்ளர், நாற்றங்காலுக்கு ஆய்வுக்கூடம். டம்ளரில் வெள்ளை இழை இறங்கிய என் வயலில் இந்தப் பட்டம் தக்காளிக்குப் பதில் கேழ்வரகு நிற்கிறது.